சுப்புத்தாய் சொல்லாத சொல்

தம்பி,

உன் கல்யாணப் பத்திரிகையின் புரூஃப் நாலு நாளாக என் தலையணைக்கு அடியில் கிடக்கிறது. முதல் இரண்டு நாளும் உங்கப்பா பிரஸ்ஸிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றுவதற்கு முன்னாலேயே கேட்டார், பார்த்து முடிச்சாச்சா என்று. காலண்டர் சீசன் ஆரம்பித்துவிட்டது. இடையில் ஒரு நாள் மிஷினை நமக்காக விடுவதாக முதலாளி சொல்லியிருக்கிறார். அந்த நாள் தப்பிப்போனால் மறுபடி கேட்க முடியாது என்பது அவர் கவலையாக இருந்தது. பிழை நிறைய இருக்கிறது என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தேன். இருபத்தைந்து வருஷமாக அவர் கொண்டுவரும் புரூஃபையெல்லாம் வீட்டிலிருந்தே திருத்திக் கொடுக்கிறவள் நான். ஒரு பத்திரிகைக்கு இரண்டு நாள் ஆகாது என்று அவருக்கும் தெரியும்.

பிழை ஒரே ஒரு வரியில்தான். மணப்பெண் முனீஸ்வரி, இறந்துபோன தன் அம்மா சுப்புத்தாயின் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் போடும்படி எழுதிக் கொடுத்த வரி. ‘எம் மக படிக்கணும் என்று சொல்லிக் கண்மூடிய தாயின் ஆசியுடன்.’ அது உனக்கும் பிடித்திருப்பதாகப் போனில் சொன்னாய். வரவேற்பு அன்று நான் மைக்கைப் பிடித்து, அந்த அம்மா கடைசியாகப் பேசியதை எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும் என்றும் கேட்டாய். சரி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீ அணைந்தது கூடத் தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அந்த வார்த்தையைச் சுப்புத்தாய் சொல்லவில்லை, தம்பி. அவள் பெயரில் நான் சொன்னேன். அவள் சொன்னது வேறு. ஒன்பது வருஷமாக அது என்னிடம் மட்டும் இருந்தது.

இதைப் போனில் சொல்ல இரண்டு தடவை முயன்றேன். ஒரு தடவை உனக்குக் கம்பெனி பஸ் வந்துவிட்டது. இன்னொரு தடவை நீ சிரித்துக்கொண்டே பேசினாய், என்னால் முடியவில்லை. எழுத்தில்தான் எனக்கு எதுவும் வரும். எழுத்து அழகாக இருக்கிறது என்பதற்காகத்தான் அந்த வார்டில் எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள்.

நீ பாலிடெக்னிக்கில் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போன வருஷம் அது. பகல் பூராவும் வீட்டில் நான் தனி. நம் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் செவ்வாய்க்கிழமை தோறும் பெரியாஸ்பத்திரித் தீக்காய வார்டுக்குப் பாலும் ரொட்டியும் கொண்டுபோவார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். முதல் வாரம் வாசலோடு திரும்பிவிட்டேன். இரண்டாம் வாரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். அதற்கடுத்த வாரம், இரண்டு கையிலும் கட்டுப் போட்டிருந்த ஒருவர், திருப்பூரில் இருக்கும் தன் மகனுக்கு ஒரு கார்டு எழுதித் தர முடியுமா என்று கேட்டார். எழுதி, அவருக்கு வாசித்துக் காட்டினேன். தலைமை நர்ஸ் அதைப் பார்த்துக்கொண்டே நின்றவர், என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ரொட்டி யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம், இவர்கள் சொல்வதை உட்கார்ந்து கேட்டு எழுதித் தரத்தான் ஆள் இல்லை என்றார். அதிலிருந்து வாரத்தில் மூன்று நாள் போனேன். ஒரு கோடு போட்ட நோட்டும் பேனாவும் பையிலேயே இருக்கும்.

அதை நீ சேவை என்கிறாய். உன் நண்பர்களிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறாய். அதில் எனக்கு இருந்த ருசியையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். நான் வருகிறேனா என்று ஒருவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடித்திருந்தது. டாக்டர்கள் கூட, அம்மா வந்தாச்சா என்று கேட்பார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து யாரும் என்னிடம் கேட்காத ஒன்றை அங்கே கேட்டார்கள். என் படிப்பை.

என் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது உனக்குத் தெரியும். ஏன் நின்றது என்று உன்னிடம் சொன்னதில்லை. எங்கள் அம்மாவுக்கு இளைப்பு. உன் மாமா அப்போது மூன்று வயதுப் பிள்ளை. ஒரு நாள் பள்ளிக்கூடம் கிளம்பி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறேன். எங்கப்பா அந்தப் பையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். “வீட்டுல ஒரு ஆளு வேணும்ல” என்றார். திட்டவில்லை, அடிக்கவில்லை, அவ்வளவுதான் சொன்னார். நான் பையை எடுக்கவே இல்லை. என் தம்பியை வளர்த்தேன். அவன் மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தின் மேல் இருந்த கோபம் என்னோடு கூடவே வயசாகிக்கொண்டு வந்தது.

சுப்புத்தாய் வெம்பக்கோட்டைப் பக்கம். வானத்தை நம்பிய கொஞ்சம் நிலம், அதைப் புருஷன் கருப்பசாமி பார்த்தார். இவள் பட்டாசுக் கம்பெனியில் திரி வைக்கிற வேலை. ஒரு வியாழக்கிழமை அவளைக் கொண்டுவந்தார்கள். முகத்தில் ஒரு கீறல் இல்லை. கழுத்துக்குக் கீழேதான் எல்லாம். அப்படி வருகிறவர்கள் முதல் இரண்டு நாள் நன்றாகப் பேசுவார்கள். நாமும் பிழைத்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொள்வோம். நர்ஸ்களுக்குத் தெரியும்.

என்னை மதினி என்று கூப்பிட்டாள். முதல் நாள் பூராவும் பிள்ளைகளைப் பற்றியே பேசினாள். பெரியவள் முனீஸ்வரி ஒன்பதாவது படிக்கிறாள். சின்னவள் செல்லக்கனிக்கு ஆறு வயது, பிறவியிலேயே காது கேட்காது, அதனால் பேச்சும் இல்லை. பெரியவள் சத்தம் போட்டுப் பாடம் படிக்கும்போது சின்னவள் வந்து மடியில் ஏறி, அக்காவின் தொண்டையில் உள்ளங்கையை வைத்துக்கொள்வாளாம். பாடம் முடிகிறவரை கையை எடுக்க மாட்டாளாம். “அதுக்குக் கேக்குது மதினி, கைல கேக்குது” என்று சொல்லிச் சிரித்தாள். மேல்கூரையைக் கான்கிரீட்டாக மாற்ற வேண்டும், திருச்செந்தூருக்கு ஒரு தடவை குடும்பத்தோடு போக வேண்டும், சின்னவளை மதுரையில் ஒரு டாக்டரிடம் காட்ட வேண்டும். இதெல்லாம் அவளுடைய ஆசைகள். எழுதிக்கொள்ளச் சொன்னாள். எழுதிக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் அவள் குரல் மாறியிருந்தது. நாக்கு வறண்டிருந்தது. பஞ்சில் தண்ணீர் தொட்டு உதட்டில் வைத்தேன். நோட்டை எடுக்கச் சொன்னாள்.

“மதினி, எழுதிக்கிடுங்க. பெரியவள வீட்டுலயே இருக்கச் சொல்லுங்க. சின்னவள யாருட்டயும் விட்டுறக் கூடாது. அதுக்குக் காது கேக்காது. அக்கா கைய விட்டா அது எங்கிட்டாவது போயிரும்.”

பெரியவள வீட்டுலயே என்பது வரைக்கும் எழுதினேன். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. எனக்கு என் பை ஆணியில் தொங்கியது தெரிந்தது. அப்போ அவ படிப்பு என்று கேட்டேன்.

“படிப்பு கெடக்கு மதினி. உசுருக்கு ஆளு வேணும்ல” என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து, எழுதிட்டீகளா என்று கேட்டாள். எழுதிட்டேன் என்றேன். வாசிக்கச் சொன்னாள். பாதி வரி மட்டும் இருந்த அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே, அவள் சொன்னதை எல்லாம் ஞாபகத்திலிருந்து ஒப்பித்தேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள். சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் போய்விட்டாள்.

வெளியே வேப்பமரத்தடியில் அவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். முனீஸ்வரியைப் பள்ளிக்கூடத்திலிருந்து நேராகக் கூட்டி வந்திருந்தார்கள், நீலப் பாவாடையோடு, பையோடு. அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு சின்னவள். எல்லோரும் அழுதார்கள். சின்னவள் மட்டும் ஒவ்வொருவர் வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கருப்பசாமியின் அக்கா, அச்சங்குளத்தில் கட்டிக்கொடுத்தவர், அழுதுகொண்டே சொன்னார், இனி பெரியவளை நிறுத்திவிட வேண்டியதுதான், வீட்டுக்கு ஒரு ஆள் வேண்டும் என்று.

கருப்பசாமி என்னிடம் வந்து, “கடைசியா எதும் சொன்னாளாக்கா?” என்று கேட்டார்.

நான் யோசித்துச் சொல்லவில்லை என்று இத்தனை வருஷம் என்னையே நம்பவைத்துக்கொண்டிருந்தேன். அது பொய். அந்தப் பெண்ணைப் பார்த்தேன், அவள் தோளில் இருந்த பையைப் பார்த்தேன், செத்தவள் சொன்னதாகச் சொன்னால் இவர்கள் யாரும் மறுத்துப் பேச முடியாது என்று நன்றாக யோசித்தேன். பிறகுதான் வாயைத் திறந்தேன்.

“பெரியவ படிக்கணும்னு சொன்னாக. என்ன ஆனாலும் நிப்பாட்டக் கூடாதுன்னு சொன்னாக.”

அந்த அக்காவின் அழுகை சட்டென்று நின்றது. கருப்பசாமி தலையை ஆட்டினார். முனீஸ்வரி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் எவ்வளவு நன்றி இருந்தது தெரியுமா? அதை வாங்கிக்கொண்டு, ஏதோ பெரிய காரியம் செய்தவள் மாதிரி பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். வந்ததும் அந்தப் பாதி வரியைக் கிழித்துப் போட்டேன். அன்று நான் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அதற்குப் பிறகு நடந்ததில் பாதி உனக்குத் தெரியும். முனீஸ்வரியை விருதுநகரில் ஹாஸ்டலில் சேர்த்தார்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முறுக்கும் நோட்டும் வாங்கிக்கொண்டு அவளைப் பார்க்கப் போவேன். அவள் அம்மா கூப்பிட்ட முறையை வைத்து என்னை அத்தை என்றாள். லீவுக்கு வரும்போது நீயும் இரண்டு மூன்று தடவை கூட வந்தாய். அவள் பத்தாவதில் நல்ல மார்க் எடுத்தபோது நம் தெருவுக்கே மிட்டாய் கொடுத்தேன். அவள் மேலே படித்த ஒவ்வொரு வகுப்பும் நான் ஏறிய படி மாதிரி இருந்தது. டீச்சர் டிரெயினிங் சேர்ந்தபோது, அவள் கைக்கு ஒரு வாட்ச் கட்டிவிட்டு நான்தான் அழுதேன்.

செல்லக்கனி அச்சங்குளத்து அத்தை வீட்டில் வளர்ந்தாள். அந்த அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். தன் பிள்ளைகளோடு பிள்ளையாகச் சோறு போட்டார். ஆனால் எல்லாரும் காலையில் வேலைக்குப் போய்விடுகிற வீடு. அவளுடைய சைகை அங்கே யாருக்கும் பிடிபடவில்லை. நான் ஒரே ஒரு தடவை அங்கே போனேன். வாசலில் தனியாக உட்கார்ந்து பட்டாசுக்குப் பேப்பர் குழாய் உருட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடி வந்து மடியில் ஏறினாள். உங்க அக்கா நல்லா படிக்கிறா என்று பேச்சுக்குச் சொன்னேன். அவள் என் தொண்டையில் உள்ளங்கையை வைத்தாள். நான் பேச்சை நிறுத்தினேன். கையை எடுக்காமல், இன்னும் பேசு என்பதுபோல என் முகத்தையே பார்த்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்த ஊருக்குப் போகவில்லை. போகாததற்கு வாராவாரம் ஏதாவது ஒரு காரணம் கிடைத்தது.

அவள் பதினோரு வயதில் போனது உனக்குத் தெரியும். பட்டாசு விபத்தில் என்று மட்டும்தான் உனக்குச் சொன்னோம். எனக்கு அது எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம் ஒரு மணி இருக்கும். வார்டில் உட்கார்ந்திருக்கிறேன். அச்சங்குளம் பக்கத்தில் ஒரு ஷெட்டில் வெடித்துவிட்டது என்று நாலு பெண்களைக் கொண்டுவந்தார்கள். யாரும் அனுமதி வாங்காமல் ஓலை வேய்ந்து நடத்திய ஷெட். ஒருத்திக்குக் கையில் மட்டும்தான் காயம். நடுங்கிக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் கொடுத்தேன். அவள் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தாள்.

“மருந்து பொகஞ்சதும் ஓடுங்கடின்னு கத்திட்டு எல்லாரும் ஓடிட்டோம். ஒரு புள்ள மட்டும் அந்தப் பக்கம் திரும்பி உக்காந்து திரி சுத்திக்கிட்டிருந்துச்சு. அதுக்குக் கேக்கலை. எம்புட்டுக் கத்தினோம், அதுக்குக் கேக்கலை.”

பெயர் கேட்கத் தேவைப்படவில்லை. சுப்புத்தாயின் கட்டில் அந்த வரிசையிலேயே மூன்றாவது. அதில் அப்போது வேறு யாரோ படுத்திருந்தார்கள். நான் அந்தக் கட்டிலைப் பார்க்காமல், சுவர் ஓரமாகவே நடந்து வெளியே வந்தேன்.

அடக்கம் முடிந்த பிறகு முனீஸ்வரி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “எங்கம்மா சொன்னதத்தான அத்தை செஞ்சேன்?”

அன்றைக்கு என்னால் உண்மையைச் சொல்லியிருக்க முடியுமா என்று இன்றுவரை எனக்கு நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆமா தாயி என்றேன். அவள் கொஞ்சம் தெளிந்த மாதிரி தலையாட்டினாள். முதல் பொய்யை ஒரு நல்ல எண்ணத்துக்காகச் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது பொய்யால் அவள் மனசு தங்கியிருந்த ஒரே வீட்டுக்கு நான்தான் கூரை போட்டேன். அதற்குப் பிறகு அதைப் பிரிக்கவும் முடியவில்லை, அதன் கீழ் நிற்கவும் முடியவில்லை.

அன்றிலிருந்து பேசும்போதெல்லாம் என் தொண்டையில் ஒரு சின்ன உள்ளங்கை வந்து உட்காரும். நீ போனில், அம்மா குரல் ஏன் கம்முது, தண்ணி குடிங்க என்பாய். தண்ணீரில் சரியாவதில்லை. கடைக்காரரிடம் பருப்பு விலை கேட்கும்போது வரும். கோயிலில் அர்ச்சனைக்கு உன் பெயரும் நட்சத்திரமும் சொல்லும்போது வரும். நீ முனீஸ்வரியைத்தான் கட்டுவேன் என்று சொன்ன அன்று, உங்கப்பா சாதிசனம் என்ன சொல்லும் என்று தயங்கியபோது, அந்தப் பிள்ளைக்கு என்ன குறை என்று நான் குரலை உயர்த்திப் பேசினேன். அப்போதும் அந்தக் கை அங்கேயே இருந்தது.

ஆறு மாதம் வார்டுக்குப் போகவில்லை. முட்டுவலி என்றேன். பிறகு போனேன். இப்போது போய் உட்கார்ந்தால், சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன். ஒருவர் தன் அண்ணனைத் திட்டி எழுதச் சொன்னால் திட்டி எழுதுகிறேன். ஒருத்தி தன் மாமியாருக்குத் தன் நகை போகக் கூடாது என்றால் அதையும் எழுதி, விரலை எடுத்து மையில் தொட்டு வைக்கிறேன். எனக்குப் பிடிக்காத சொல் வரும்போது கை வேகமாக எழுதுகிறது.

நீயும் முனீஸ்வரியும் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு குழுவாகச் சேர்ந்து, பட்டாசுக் கம்பெனி வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யப்போவதாக எழுதியிருந்தாய். அம்மாகிட்டக் கத்துக்கிட்டது என்றும் எழுதியிருந்தாய். செய், தம்பி. வேண்டாம் என்று சொல்ல இந்தக் கடிதத்தை எழுதவில்லை. ஆனால் என்னிடம் கற்றுக்கொள்வதாக இருந்தால் முழுசாகக் கற்றுக்கொள். அடுத்தவருக்கு உதவக் கிளம்பும்போது நம்முடைய ஆசையும் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பிவிடுகிறது. பஸ்ஸில் நமக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வருகிறது. பெண் பிள்ளை படிக்க வேண்டும் என்பது இன்றைக்கும் என் நம்பிக்கை. அதில் தப்பு இல்லை. அதை என் வாயால், என் பெயரில் சொல்லியிருக்க வேண்டும். இந்த அம்மா வேறு மாதிரி சொன்னார், ஆனால் பிள்ளையைப் படிக்க வையுங்கள், சின்னவளுக்கு நான் ஒரு வழி பார்க்கிறேன் என்று அந்த வேப்பமரத்தடியில் சொல்லியிருக்கலாம். விருதுநகரில் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறதா என்று போய் விசாரித்திருக்கலாம். அதற்கு நடக்க வேண்டும், கெஞ்ச வேண்டும், பொறுப்பேற்க வேண்டும். செத்தவள் பெயரைச் சொல்வது சுலபமாக இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் பீரோவின் மேல்தட்டில், பிளஸ் டூ தனித்தேர்வு விண்ணப்பம் ஒன்று எத்தனையோ வருஷமாக மடித்து வைத்திருக்கிறேன். வாங்கியதோடு சரி. இந்த வயதில் என்ன என்று கூச்சம். அந்த ஆசையை நான் தீர்த்துக்கொண்டிருந்தால், இன்னொருத்தி மகள் தோளில் அதை ஏற்றியிருக்க மாட்டேனோ என்னவோ. உனக்கென்று சின்னச்சின்னதாய் வேண்டியது இருக்கும். நீந்தக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பாய், சொந்தமாய் ஒரு பட்டறை வைக்க வேண்டும் என்பாய். அதையெல்லாம் ஊருக்கு உழைக்கிறேன் என்று தள்ளிப்போடாதே. தள்ளிப்போட்டது எங்கேயும் போகாது. பசியோடு காத்திருந்து யார் மேலாவது ஏறிக்கொள்ளும்.

முந்தாநாள் காலையில் உங்கப்பாவிடம் சொன்னேன். முதலிலிருந்து கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டார். “மொதல்ல அந்தப் பிள்ளைட்டப் போய்ச் சொல்லு. பத்திரிகைய அப்பறம் பாப்போம்” என்றார். உங்கப்பா அதிகம் பேசாதவர் என்று நான் குறைப்பட்டதுண்டு. அன்றைக்கு அவர் அதற்கு மேல் ஒரு சொல் பேசியிருந்தாலும் நான் போயிருக்க மாட்டேன்.

நேற்று சனிக்கிழமை. பள்ளிக்கூடம் லீவு என்று தெரிந்து காரியாபட்டிக்குப் போனேன். முனீஸ்வரி வாடகைக்கு இருக்கிற அந்த ஒற்றை அறையில், துணி துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, முகூர்த்தப் புடவையைக் காட்ட எடுத்தாள். அதை வைத்துவிட்டு உட்காரச் சொன்னேன். சொன்னேன், தம்பி. கிழித்துப்போட்ட பாதி வரியையும் சொன்னேன். அவள் அப்பா கேட்டது, நான் யோசித்தது, இரண்டாவது தடவை ஆமா என்றது, எதையும் விடவில்லை.

அவள் என்னைத் திட்டுவாள், வெளியே போ என்பாள் என்று தயாராகப் போயிருந்தேன். அவள் கேட்டது வேறு.

“எங்கம்மா எப்படிச் சொன்னாகளோ அப்படியே சொல்லுங்க. உங்க வார்த்தை வேண்டாம்.”

சொன்னேன். பெரியவள வீட்டுலயே இருக்கச் சொல்லுங்க. சின்னவள யாருட்டயும் விட்டுறக் கூடாது. அக்கா கைய விட்டா அது எங்கிட்டாவது போயிரும். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். பிறகு இன்னொரு தடவை. மூன்றாவது தடவை சொல்லும்போது அவள் கை அவளுடைய தொண்டைக்குப் போனது. அதை நான் பார்த்தேன்.

பிறகு அவளாகவே பேசினாள். டிரெயினிங்கில் இரண்டாவது வருஷம் நடக்கும்போது, பாப்பா அங்கே தனியாகக் கிடக்கிறதே, எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்கே போய்விடலாம் என்று ஒரு நாள் பெட்டியைக் கட்டிவிட்டாளாம். அம்மா சொன்னது ஞாபகம் வந்ததாம். பெட்டியைப் பிரித்துத் துணியை மறுபடி அடுக்கிவிட்டாளாம். அதற்குப் பிறகு இரண்டு மாதத்தில்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை. இதை அவள் ஆத்திரமாகச் சொல்லவில்லை. ஒரு தகவல் மாதிரிச் சொன்னாள்.

“படிக்க உக்காரும்போதெல்லாம் அந்த வார்த்தை எங்கம்மா கொரல்லதான் கேக்கும். இனிமே யாரு கொரல்ல கேக்கும், அத்தை?”

மன்னிச்சிரு தாயி என்று சொல்லக்கூட எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்தச் சொல்லை வைத்து நான் எதையோ கேட்டு வாங்குவதுபோல் பட்டது. கொடியில் போட்டதுபோக மிச்சத் துணி வாளியில் கிடந்தது. அவள் எழுந்து போய் அதையும் பிழிந்து போட்டாள். பிறகு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என்கூட நடந்து வந்தாள். சிவகாசி பஸ் வந்ததும், அந்த வரியை எடுத்துவிடச் சொன்னாள். உன்னிடம் நானே எழுதிச் சொல்ல வேண்டும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் உன்னோடு பேசுவாள், அதுவரை அவளைக் கூப்பிட வேண்டாம் என்றாள். கல்யாணத்தைப் பற்றி இருக்கு என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வந்ததும் அந்த வரியைச் சிவப்பு மையில் அடித்தேன். மிச்சத்தை அப்படியே வைத்திருக்கிறேன். முதலாளி கொடுத்த நாள் போனால் போகட்டும் என்று உங்கப்பா சொல்லிவிட்டார். நீங்கள் இருவரும் பேசி முடிக்கிறவரை மிஷின் ஓடாது. அவள் அப்பாவுக்கு இன்னும் தெரியாது. அது அவள் சொல்ல வேண்டியதா, நான் சொல்ல வேண்டியதா என்று அவள்தான் முடிவு செய்ய வேண்டும். என்னைக் கூப்பிட்டால் வெம்பக்கோட்டைக்குக் கூடவே போவேன்.

இந்தக் கடிதம் உன் கையில் இருக்கும்போது நீ என் மேல் கோபப்படு. அது உன் உரிமை. அவளுக்காகக் கோபப்படாதே. அவள் கோபம் அவளிடம் இருக்கிறது. எனக்காக அவளிடம் பேசவும் செய்யாதே. எங்கம்மா நல்லதுக்குத்தான் சொன்னாங்க என்று ஆரம்பிக்காதே. அந்த ‘நல்லதுக்குத்தான்’ என்ன செய்யும் என்று இப்போது உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அவள் பேசும்போது கேள். நடுவில் நிறுத்தினால், அவளே மறுபடி ஆரம்பிக்கிறவரை பொறு. அவள் கேட்காத ஆறுதலைச் சொல்லாதே. உனக்குப் பிடிக்காத சொல் வந்தால் அதைக் காதில் போட்டுக்கொண்டே இரு.

என்னைப் பற்றி அவள் உன்னிடம் என்ன சொன்னாலும் என்னிடம் கொண்டுவராதே. நான் சொன்னதாக எதையும் அவளிடம் கொண்டுபோகாதே. அவளுக்கு என்னிடம் சொல்ல இருந்தால் நேரே வருவாள். வராமலே இருந்துவிட்டால், அதுவும் அவள் சொன்ன சொல்தான். அதை ஒரு எழுத்தும் மாற்றாமல் வைத்துக்கொள்வேன்.

உன் அம்மா